நெடுநாள் உழைக்கும் துணிகள்

கேள்வி: ஆண்டு முழுவதும் உடுத்தவும் பல ஆண்டுகள் உழைக்கவும் ஏற்ற ஆடைகளுக்கு எந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடுங்கோடையும் ஐப்பசி மழையும் மாறிவரும் தமிழ்நாட்டில் பருத்தியே அடிப்படையாக அமையத் தக்கது; வியர்வையை உறிஞ்சி வெளிவிடும் அதன் இழை, நனைந்த நிலையில் வலிமை கூடுவதால், அடிக்கடி துவைப்பதையும் தாங்குகிறது. மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயானோ ஈரத்தில் வலிமையை வெகுவாக இழப்பதால், கடையில் எவ்வளவு மென்மையாகத் தோன்றினாலும் அன்றாட உடுப்புக்கு ஏற்றதன்று.

எனினும் பருத்தி என்ற பெயர் மட்டும் போதாது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதைக் குறிக்கும் 'கவுண்ட்' எனும் நூல் எண் உயர உயர நூல் மெலிவதால், 100-ஆம் எண் நூலின் நேர்த்தி விழாநாளுக்குப் பொருந்தினும், நாள்தோறும் உழைப்பது 40-ஆம் எண் நூலில் நெருக்கமாக நெய்த துணியே; இரண்டு இழைகளை ஒன்றாக முறுக்கிய இரட்டைப்புரி நூலாயின் மேலும் நன்று. கால்சட்டைக்கு, பாவும் ஊடையும் படிப்படியாக விலகிப் பின்னிச் சாய்வரிகளை உண்டாக்கும் ட்வில் நெசவு ஏற்றது. உதகை போன்ற மலையூர்களைத் தவிர்த்து, மார்கழிக் குளிருக்குத் தனிக் கம்பளி தேவையில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் இரு பருத்தி ஆடைகள் இடையே காற்றைத் தேக்கி வெதுவெதுப்பைக் காக்கும்.