பொத்துவில் கரைக்குப் பறவை பார்க்கப் போறீங்களா?

மொனராகலையில் பஸ் ஏறினால் சியம்பலாண்டுவ, லகுகல தாண்டி பொத்துவில். 70 கிலோமீற்றர் சொச்சம்தான். கடலில் குளித்து, மீன் வாங்கித் திரும்புகிற அதே பயணத்தில் பறவையும் பார்த்துவிடலாம். மொனராகலை என்று ஊர்ப் பெயரிலேயே மயிலை வைத்திருக்கிற நமக்கு இது ஒன்றும் புதுசில்லை.

1. பழக்கத்தை வீட்டிலேயே ஆரம்பியுங்கள். ஒக்டோபர் பிறந்ததும் காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கொல்லைப்புறத்தில் விசில் அடிக்கிறதே, அந்த ஆறுமணிக்குருவியைச் சருகுக்குள் தேடிப் பிடியுங்கள். வெட்டவெளிச் சேற்றில் நிற்கிற உள்ளான் அப்புறம் உங்களுக்குச் சும்மா.

2. வெளிநாட்டுப் பறவைகள் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இருக்கும். ஆனால் டிசம்பர் லீவில் கிழக்கில் மழை. களப்பு நிரம்பிக் கிடக்கும், காசுதான் நட்டம். பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது போனால், நின்ற இடத்திலேயே பத்துப் பதினைந்து வகை பார்க்கலாம்.

3. கூடும் குஞ்சும் பார்க்க ஆசை என்றால் மே, ஜூனில் குமன. 1938லேயே சரணாலயமான இடம். உள்ளே போக ஜீப் வேண்டும் என்பதால் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து, ஏறுமுன்பே வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள். உகந்தை முருகனைக் கும்பிட்டுக் கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு வாடகையே இல்லை, பாதை குமன வழியாகத்தான்!

4. கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம். கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். முதுகைக் கடலுக்குக் காட்டி, களப்பைப் பார்த்து நில்லுங்கள். கால் நிறம், மூக்கு நிறம் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

5. வெள்ளைச் சட்டை வேண்டாம், வேலைக்குப் போட்டு மங்கின பச்சையோ காக்கியோ போதும். பழைய கறுப்புக் குடையை விரித்து முன்னால் சாய்த்து, பின்னால் குந்திக்கொள்ளுங்கள். குடைத்துணியில் ஓட்டை இருந்தால் தைக்காதீர்கள், அதுதான் ஜன்னல்.

6. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 போதும். பத்து மடங்கு என்று ஆசைப்பட்டால் கடற்காற்றில் கை ஆடி, படமும் சேர்ந்து ஆடும்.

7. கண்ணாடியில் மணல் பட்டால் முதலில் ஊதுங்கள், பிறகு துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டித் துண்டால் துடையுங்கள். அவசரத்தில் சேலைத் தலைப்பால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்; அந்தக் கீறல் இன்னும் எல்லாப் பறவை மேலேயும் தெரிகிறது.

8. பிள்ளைகளின் பழைய கொப்பியும் ஒரு துண்டுப் பென்சிலும் எடுத்துப் போங்கள். பேனா மை வேர்வையில் கரைந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக அளவா என்று எழுதி, மூக்கை மட்டும் கீறி வையுங்கள். ரோஸ் தெரிந்தாலே பூநாரை என்று எழுதிவிடாதீர்கள்: நம் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுவது மஞ்சள் மூக்கு நாரை, அதற்கு ரோஸ் வால் பக்கத்தில்தான். கஞ்சி துழாவுகிற மாதிரி மூக்கைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆட்டினால் அது கரண்டிவாயன்.

9. சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். தேங்காய்ச் சம்பல் அந்த வெயிலுக்கு மத்தியானமே புளித்துவிடும். வாட்டின வாழையிலையில் கட்டுங்கள். சொப்பிங் பேக் சரசரத்தால் கொக்குக் கூட்டமே எழும்பிவிடும்.

10. களப்பு ஓரத்தில் காலை நனைக்காதீர்கள், முதலை உண்டு. லகுகலப் பக்கம் பொழுது சாய்ந்தால் பஸ்ஸை விட்டு இறங்கவே வேண்டாம், யானை.

11. ஆக்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றினால், வந்த வழியே திரும்புங்கள். முட்டை கல்லோடு கல்லாகத் தரையில் கிடக்கும். காலில் மிதிபட்ட பிறகுதான் நமக்குத் தெரியும்.

12. இரவு தங்கினால் டோர்ச் முகத்தில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டு றப்பர் பேண்ட் மாட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கரையேறுகிற ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

13. பஸ் ஏறுமுன் காலில் ஈர மணல் ஒட்டியிருந்தால் தண்ணீர் தேட வேண்டாம். கொஞ்சம் முகப்பவுடரைத் தூவித் தட்டுங்கள், மணல் தானாக உதிரும். பக்கத்து சீட்டு அக்காவும் முகம் சுளிக்கமாட்டார், மீன் பையை மட்டும் காலடியில் வைத்துக்கொண்டால்.