வீட்டு விடுதிகளும் கிராமத்தின் பொறுப்பும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பெருஞ்சாலையில் பிரயாணம் செய்வோர், எங்கே தமிழ்நாடு முடிகிறது, எங்கே புதுச்சேரி தொடங்குகிறது என்று எளிதில் கூறிவிட முடியாது. வளவனூர் நம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. பின்னர் வரும் கண்டமங்கலம் மறுபடியும் நம் மாவட்டம். 1954-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சி விலகிய பின்னரும் இந்தப் பின்னல் எல்லை அப்படியே இருந்துவருகிறது. ஒரே ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் இருவர் இருவேறு அரசாங்கங்களின் சட்டத்திற்கு உட்பட்டவர்களாய் இருத்தல் இங்கே வியப்பன்று.

இந்த எல்லையைத் தாண்டி இப்பொழுது ஒரு புதிய வரும்படி நம் கிராமங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. சனி, ஞாயிறுகளிலும் தொடர் விடுமுறைகளிலும் புதுச்சேரியில் விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. இடம் கிடைக்காதவர்களும், தென்னந்தோப்பு நிழலில் அமைதியாய் இரண்டு நாள் கழிக்க விரும்புபவர்களும் சுற்றுப்புற ஊர்களில் வீடு தேடுகிறார்கள். 1968-இல் ஆரோவில் தோன்றியது முதல் குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களில் இத்தகைய வீடுகள் சிறுகச் சிறுகப் பெருகியுள்ளன. ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை மாட்டுகிறார்கள். கைபேசியிலேயே அறையைப் பதிவுசெய்துகொண்டு விருந்தினர் வந்து சேருகிறார்கள். இக்கட்டுரையில் இதனை வீட்டு விடுதி என்று குறிப்போம்.

நெசவாளரும் விவசாயியும் இதனைக் கேட்டுச் செவி சாய்ப்பது இயற்கையே. மணிலா விலை சரிந்த ஆண்டிலும், பட்டு நூல் விலை ஏறிய மாதத்திலும், வீட்டின் ஓர் அறை மாதம் சில ஆயிரம் ஈட்டித் தருமானால் வேண்டாம் என்பவர் யார்? குடகில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் காப்பி விலை வீழ்ந்தபொழுது, தோட்டக்காரர்கள் பலர் தங்கள் பழைய வீடுகளின் அறைகளை விருந்தினருக்குத் திறந்துவிட்டே அந்தக் காலத்தைத் தாண்டினார்கள். ஆகவே, இத்தொழிலே கூடாது என்று கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விடுவது ஒன்று; வெளியூர்ப் பணத்தில் ஒரு தோப்பை வாங்கி, அதில் நான்கு கட்டடம் எழுப்பி, காவற்காரன் ஒருவனை மட்டும் வைத்துவிட்டு, நாள் வாடகைக்கு விடுவது வேறொன்று. இரண்டிற்கும் பலகை ஒன்றுதான். இவ்விரண்டையும் பிரித்துக் காணாத ஒழுங்குமுறை, சிறியவனை நசுக்கிவிட்டுப் பெரியவனுக்கு ஒளிய இடம் தரும்.

பிரித்துக் காணத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு நீலகிரியே சான்று. முதுமலைக் காட்டை ஒட்டிய சீகூர் பீடபூமியில், யானைகள் காலங்காலமாக நடந்துவந்த வழியில் விடுதிகள் முளைத்தன. குடியிருப்பு வீடு என்று அனுமதி பெற்றுக்கொண்டு விடுதியாக நடத்தப்பட்ட கட்டடங்களும் அவற்றுள் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் யானை வழியைக் காக்கும் தீர்ப்பை வழங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2018 ஆகஸ்டில் அங்கிருந்து பிறந்த உத்தரவின்படி 27 விடுதிகள் பூட்டி முத்திரை வைக்கப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்பையே உறுதி செய்தது. அத்துடன் முடியவில்லை. 2021 ஜனவரியில், மசினகுடிக்கு அருகே அனுமதியின்றி நடந்த ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின்மீது தீப்பற்றிய டயரை எறிந்தார்கள். தீக்காயமுற்ற அந்த யானை அம்மாதம் 19-ஆம் நாள் இறந்துபோயிற்று. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே அச்சுற்றுவட்டாரத்து வீட்டு விடுதிகளை அதிகாரிகள் வீடு வீடாகச் சோதித்தார்கள். பூட்டப்பட்டவற்றுள் உள்ளூர்க்காரர் பிழைப்புக்காக நடத்திய சிறு வீடுகளும் அடங்கின. பத்தாண்டுகளுக்கு முன்னரே ஒரு பதிவேடு இருந்திருக்குமாயின், யார் எதற்காக எதைக் கட்டினார் என்பது தெரிந்திருக்கும். இத்தனை பேர் ஒரே வலையில் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

நம் பகுதியில் யானை இல்லை. ஆனால் நீர் இருக்கிறது. அல்லது இருந்தது என்று கூறவேண்டும். வானூர், மரக்காணம் பக்கம் கடலோரக் கிணறுகளில் உவர்நீர் ஏறிவருவதை விவசாயிகள் அறிவர். விருந்தினர் அறை ஒவ்வொன்றிலும் குளியலறை வேண்டும்; தோப்பு விடுதியென்றால் நீச்சல் குளமும் கேட்கிறார்கள். இந்நீர் எங்கிருந்து வருகிறது? விவசாயத்திற்கென்று அரசாங்கம் கட்டணமின்றி வழங்கும் மின்சாரத்தில் ஓடும் மோட்டாரிலிருந்து வருமானால், அது பயிருக்குரிய நீரையும் பொதுப் பணத்தையும் ஒருங்கே எடுப்பதாகும். நெசவாளருக்கும் இதே கேள்வி உண்டு. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்ற சலுகை 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. தறியை எடுத்துவிட்டு அந்த அறையை வாடகைக்கு விட்டவர் அதே சலுகையைத் தொடர்ந்து அனுபவிப்பாராயின், சோதனை வரும் நாளில் அவர் ஒருவர் பெயர் மட்டுமன்று, சங்கத்தின் பெயரும் கெடும்.

தறியைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். சிறுவந்தாடு போன்ற ஊர்களில் நெசவாளர் வீடு என்பதே தறியைச் சுற்றிக் கட்டிய வீடு. வீட்டில் நல்ல இடம், காற்றும் வெளிச்சமும் உள்ள இடம், தறிக்குத்தான். விருந்தினருக்கு விட நினைப்பவரின் கண்ணும் அந்த இடத்தின் மீதே விழும். தறிக்குழியை மூடித் தளம் போடுவது ஒரு நாள் வேலை. மறுபடியும் குழி தோண்டித் தறி பூட்ட வேண்டுமென்றால், பணம் கிடைத்தாலும், அதற்குள் கை விட்டுப்போன மகன் திரும்பித் தறியில் உட்காருவானா? தெருவில் பாவு விரிக்கும் காலை வேளையில் விருந்தினர் கார்கள் வரிசையாக நிற்குமாயின், அறை விடாத அண்டை வீட்டாருக்கும் தொழில் தடைப்படும். ஒருவருடைய வரும்படிக்காக மற்றவர் இடைஞ்சல் ஏற்பதென்றால், அது எந்த அளவு என்பதைத் தெருவார் கூடிப் பேசித் தீர்ப்பதே முறை.

சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். இத்துறைக்குச் சட்டமே இல்லை என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். 1867-ஆம் ஆண்டிலேயே, வட இந்தியப் பகுதிகளை முதன்மையாகக் கருதி, சத்திரச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சத்திரம் நடத்துபவர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கிணற்றையும் வடிகாலையும் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். தொற்றுநோய் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். வாடகை விவரத்தை எல்லோரும் காணும்படி மாட்டிவைக்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. திருடர் ஏறி இறங்க வசதியான மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்பதைக்கூட அன்றைய சட்டக்காரர்கள் மறக்கவில்லை! நம் மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், பணம் பெற்றுக்கொண்டு வந்துபோகிறவர்களுக்குப் படுக்க இடம் தரும் இல்லங்களை, உணவு அளித்தாலும் அளிக்காவிட்டாலும், தங்கும் விடுதி என்னும் வகையில் அடக்கியது. இன்றைய வீட்டு விடுதி இந்த விளக்கத்திற்குள் வந்துவிடுகிறது.

மத்திய அரசாங்கத்தின் சுற்றுலாத் துறை வகுத்த திட்டம் நம் நோக்கத்திற்கு மிக நெருக்கமானது. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, பன்னிரண்டு படுக்கைகளுக்கு மிகாமல் இருக்கவேண்டும். உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ அந்த வீட்டிலேயே குடியிருக்கவேண்டும். கேரளத்திலும் ஏறத்தாழ இதே அளவை வைத்து வைரம், தங்கம், வெள்ளி என்று வீடுகளைத் தரம் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் சுற்றுலாத் துறையிடம் வீட்டு விடுதிகள் பதிவு பெறவேண்டும் என்னும் விதி வந்துள்ளது. ஆறு அறை என்ற எண்ணைவிட, உரிமையாளர் உடன் வசிக்கவேண்டும் என்ற நிபந்தனையே எமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. நடு இரவில் கூச்சல் எழுந்தால் கதவைத் தட்டிக் கேட்கத் தெருவில் ஓர் ஆள் இருப்பார். மறுநாள் அதே குழாயடியில் அண்டை வீட்டாரின் முகத்தில் விழிக்கவேண்டியவர் தம் விருந்தினரைத் தாமே அடக்கி வைப்பார்.

வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிக்குத் தகவல் அளிக்கவேண்டும். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்த இந்தக் கடமை, அதனை நீக்கி 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆரோவில்லுக்கு வருகிறவர்களில் வெளிநாட்டார் பலர் ஆகையால், நம் பகுதியில் இதனை அறியாமல் அறை விடுவது ஆபத்து.

பிற நாடுகளும் இதே கேள்வியோடு போராடுகின்றன. ஜப்பான் 2018 ஜூனில் நடைமுறைப்படுத்திய சட்டத்தில், குடியிருப்பு வீட்டை ஆண்டிற்கு 180 நாட்களுக்கு மேல் விருந்தினருக்கு விடக்கூடாது என்றது. நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், 30 நாட்களுக்குக் குறைந்து தங்குவோருக்கு வீடு விடுபவர் பதிவு செய்யவேண்டும். வீட்டுக்காரரும் உடன் இருக்கவேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. பார்சிலோனா நகரமோ, சொந்த ஊராருக்கு வாடகை வீடு கிடைக்காத நிலை கண்டு, சுமார் 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. நோய் முற்றிய பின் வெட்டும் சிகிச்சை அது. நம் ஊர்களுக்கு இன்னும் அந்நிலை வரவில்லை.

கூட்டுறவாளர்கள் கவனிக்கத்தக்க முறை ஒன்று லடாக்கில் இருக்கிறது. அங்கே மலைக்கிராமங்களில் 2002-ஐ ஒட்டித் தொடங்கப்பட்ட வீட்டு விடுதித் திட்டத்தில், வருகிற விருந்தினரைக் கிராமத்தார் முறை வைத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். இன்று ஒரு வீடு என்றால் நாளை அடுத்த வீடு. வரும்படியில் ஒரு பங்கு கிராமப் பொது நிதிக்குச் செல்கிறது. சாலையோரத்தில் வீடு அமைந்தவரும், நன்றாகப் பேசத் தெரிந்தவரும் மட்டுமே எல்லா விருந்தினரையும் இழுத்துக்கொள்ள அங்கே வழியில்லை. நூலையும் பாவையும் முறை வைத்துப் பங்கிட்டுப் பழகிய நம் நெசவாளர் சங்கங்களுக்கு இதைக் கற்பிக்க எவரும் வரவேண்டியதில்லை.

இனி வரவு செலவு. ஓர் அங்கத்தினர் 4 லட்சம் ரூபாய் கடனில் குளியலறையுடன் ஓர் அறை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 9 என்றால் ஆண்டிற்கு 36,000, மாதத்திற்கு 3,000 ரூபாய். மாதம் எட்டு இரவுகள், இரவுக்கு 1,500 வீதம் அறை போனால் வரவு 12,000. பதிவு செய்து தரும் நிறுவனத்தின் பங்கு, சலவை, மின்சாரம், காலை உணவு ஆகியவற்றிற்கு 5,000 கழிந்தால், வட்டியும் போக மிச்சம் 4,000. அசலுக்கு இதிலிருந்துதான் எடுத்துவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டே இரவுகள் போனால் வரவு 3,000. அது வட்டிக்கே சரியாகிவிடும். மற்றச் செலவு கையிலிருந்து. எட்டு இரவு என்னும் கணக்கை மட்டும் தரகர் கூறுவார். இரண்டு இரவு மாதத்தை அவர் கூறமாட்டார். பயிருக்கென்று பெற்ற கூட்டுறவுக் கடனை, உரிய காலத்தில் கட்டினால் வட்டியில்லை என்ற தைரியத்தில், அறை கட்டத் திருப்பிவிடுவது இன்னும் பெரிய தவறு. பயிரும் இராது, தவணையும் தவறும்.

கிராம சபை ஆண்டிற்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில் நம் அங்கத்தினர்கள் இப்பொருளை எழுப்பலாம். ஊரில் நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகள் எத்தனை, அவற்றில் உரிமையாளர் வசிப்பவை எத்தனை என்னும் பட்டியலை ஊராட்சி தயாரிக்கட்டும். கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றிற்கும் இடையே 18 மீட்டராவது இருக்கவேண்டும் என்பது பொறியியலார் கூறும் அளவு. அதனைப் புது அறை கட்டும் முன்னரே நாடாவைப் பிடித்து அளந்து பார்க்கலாம். குளத்திற்கும் புல்வெளிக்கும் விவசாய மோட்டாரின் நீர் கூடாது என்று தீர்மானத்தில் எழுதலாம். எல்லைக்கு அப்பால் உள்ள தோப்பு புதுச்சேரியைச் சேர்ந்தது என்றால், அங்குள்ள கொம்யூன் பஞ்சாயத்திற்கும் தீர்மானத்தின் நகலை அனுப்புவது நலம். நிலத்தடி நீர் எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிடுவதில்லை.

அறை விட விரும்பும் அங்கத்தினர் முதலாண்டில் புதிதாக எதுவும் கட்டவேண்டாம், தறியையும் அசைக்கவேண்டாம். வீட்டில் காலியாக உள்ள ஓர் அறையைப் பதிவு செய்து விட்டுப் பார்க்கட்டும். வந்தவர் பெயர், தங்கிய இரவு, வரவு, செலவு, குறைகூறிய அண்டை வீட்டார் எத்தனை பேர் என்பதுவரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். பன்னிரண்டு மாதம் கழித்து அந்த நோட்டுடன் சங்கத்திற்கு வந்தால், கடன் மனுவை அப்பொழுது எடுத்துப் பேசலாம்.