சம்பளச் சீட்டில் ஆபத்துப் படியைத் தேடுவது எப்படி?

அந்தமானின் பிரிச்கஞ்ச் ராணுவ முகாம் பக்கத்திலேயே இருப்பதால் புரோத்ராபூரில் பட்டாளத்துக் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பக்கத்து வீட்டுக்காரருக்கு அவ்வளவு வருதே, எங்க வீட்டுக்காரருக்கு ஏன் வரலை?”

முதலில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, ராணுவப் பணி ஊதியம் மூன்றையும் தனியே கழித்துவிடுங்கள். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை 5,200 ரூபாய், அதிகாரிக்கு 15,500 என வரும் பணி ஊதியம் சீருடைக்கானது. ஓய்வூதியக் கணக்கிலும் அது சேரும். ஆபத்துப் படி சேராது. அதை நம்பி வீட்டுக்கடன் தவணை போடாதீர்கள்.

அடுத்தது, எல்லோரும் தடுமாறும் இடம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை முதல், ஆபத்துக்கு மூன்று படிநிலை, கடினத்துக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள். அவற்றுக்கும் மேலே சியாச்சின். ஒவ்வொன்றிலும் இரண்டு தொகை: ஊதிய நிலை 8 வரை ஒன்று, 9 முதல் மேலே இன்னொன்று. தொடக்கத்தில் சியாச்சினுக்கு 30,000, 42,500 ரூபாய். கடற்படைக் கமாண்டோவான மார்கோஸுக்கு 17,300, 25,000. கடல் பயணப் படிக்கு 6,000, 10,500.

கடற்படையில் இருந்தாலே கடல் படி வந்துவிடாது. ஐ.என்.எஸ். ஜராவா என்று பெயரில் கப்பல் இருந்தாலும் அது கரைத் தளம். அங்கே மேசை வேலை பார்ப்பவருக்குக் கிடையாது. கப்பலிலேயே பணி என்றாலும் அது ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் நாள் சேராது. ஒரு நாள் கணக்கில் சேர முன்பு 12 மணி நேரம் கடலில் இருக்க வேண்டியிருந்தது. இப்போது 4 மணி நேரம் போதும். இந்த மாதம் அதிகமாகவும் அடுத்த மாதம் குறைவாகவும் வருவது இதனால்தான். கடலில் இருந்த நாட்களை அவரே டைரியில் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் பாதுகாப்பு கருதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கப்பல் கிளம்பும் தேதியைப் போடவே கூடாது.

தீவுப் படி வேறு. அது வேலைக்கல்ல, இடத்துக்கு. எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் சேவை) போன்ற துறைகளின் சிவிலியன் ஊழியருக்குப் ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) வட்டாரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம், வடக்கு, நடு அந்தமானில் 16, நிகோபாரில் 20.

யூடியூபில் சுற்றும் பழைய அட்டவணைகளை வைத்துச் சண்டை போடாதீர்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் ஆபத்துப் படி 25 சதவீதம் கூடும் என்பது விதி. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50-ஐத் தொட்டது. அந்தக் கணக்கில் 6,000 என்பது 7,500.

படி வரவில்லையென்றால் வங்கிக்கு அலையாதீர்கள். ராணுவத்தில் பார்ட் டூ ஆர்டர், கடற்படையில் ஜென்ஃபார்ம் என்ற பதிவு ஆவணம் போயிருக்கிறதா என்று யூனிட் கிளார்க்கிடம் கேட்டு, அதன் எண்ணை வாங்கி வையுங்கள். மாற்றலாகும்போதும் இதே வேலை: பழைய படி நின்றதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பிறகு மொத்தமாக ரெக்கவரி பிடிப்பார்கள்.

வரியில் ஒரு விஷயம். படையினரின் தீவுப் படியில் மாதம் 3,250 ரூபாய் வரை விலக்கு என்று 1962 வருமான வரி விதிகளில் இருந்தது, பழைய வரிமுறையில் மட்டும். பழைய முறையா, புதிய முறையா என்று முடிவெடுக்குமுன் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.