கறள் பிடித்து இறுகிய பாகங்களைக் கழற்றும் முறை
பழைய துவிச்சக்கரவண்டியைத் திருத்தும் கமக்காரருக்கு

கத்தரியும் மிளகாயும் நிறைந்த சாக்குகளை விடியுமுன் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்கும், உரப்பையை வயலுக்கு எடுத்துச்செல்வதற்கும் துவிச்சக்கரவண்டி இன்றும் பல கமக்காரருக்குக் கைகொடுத்து வருகின்றது. தந்தையர் காலத்து ராலி, ஹம்பர், ரட்ஜ் முதலிய ஆங்கில வண்டிகள் பல வீட்டுக் கொட்டில்களிற் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இரும்பு தடித்தது. பாரம் தாங்கக் கூடியது. ஆயினும், பல ஆண்டுகள் கிடந்தமையாற் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. அவற்றைத் திருத்த முற்படுவோரிற் பலர் முதல் நாளிலேயே நீண்ட குழாயையும் பெரிய சுத்தியலையும் எடுத்துக்கொள்கின்றனர். அதனாற் கழல வேண்டிய பாகம் கழலாது, முறியக் கூடாத பாகம் முறிகின்றது. முறிந்த பழைய பாகத்துக்கு ஈடானது கடையிற் கிடைப்பது அரிது. ஆகவே, பொறுமையாகக் கழற்றும் முறை இங்கே விளக்கப்படுகின்றது.

1. கறள் ஏன் இறுக்குகின்றது?

இரும்பு நீருடனும் காற்றிலுள்ள ஒட்சிசனுடனும் சேரும்பொழுது கறளாக மாறுகின்றது. அவ்வாறு மாறிய கறள், தான் தோன்றிய இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கும். புரிகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய வெளியில் இக்கறள் பருத்து, ஆப்பு வைத்தாற்போல் இருபக்கமும் நெருக்குகின்றது. நட்டு அசையாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

உப்பு இவ்வேலையை விரைவுபடுத்தும். கடற்காற்று வீசும் இடங்களில் வண்டி விரைவிற் கறள் பிடிப்பதை யாவரும் அறிவர். உரமும் அத்தகையதே. யூரியா, அமோனியம் சல்பேற்று, மியூறியேற்று ஒவ் பொட்டாசு ஆகியவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கசியும். கிழிந்த பையிலிருந்து கரியரிலும் பின்சக்கர அச்சிலும் சிந்திய உரம் அங்கேயே கிடந்து இரும்பை அரிக்கும். பல வண்டிகளிற் பின்பகுதி முன்பகுதியிலும் மோசமாக இறுகியிருப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

2. முதலாம் நாள்: துப்புரவும் எண்ணெயும்

கம்பித் தூரிகையினால் ஒவ்வொரு நட்டையும் ஆணியின் வெளிப் புரியையும் நன்கு தேய்த்து மண்ணையும் உதிர்கறளையும் அகற்றுதல் வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாமாதலின், வர்ணம் பூசிய இடத்தை உலர்ந்தபடி தேய்த்துத் தூள் கிளப்பலாகாது. நனைத்த பின்னரே தேய்க்க வேண்டும்.

அடுத்து, ஊடுருவும் எண்ணெய் விடவேண்டும். கடைகளில் இதற்கென விற்கப்படும் எண்ணெய் சிறந்தது. அது கிடையாதவிடத்து, மண்ணெண்ணெயும் இலேசான இயந்திர எண்ணெயும் சமபங்காகக் கலந்து பயன்படுத்தலாம். மண்ணெண்ணெய் நுண்ணிய இடுக்குகளிற் புகும். இயந்திர எண்ணெய் அங்கே தங்கும். காலையும் மாலையும் சில துளிகள் வீதம் மூன்று நாட்களுக்கு விட்டு வருக. ஒரே தடவையில் ஒரு போத்தலை ஊற்றுவதிலும் இதுவே பயன் தரும். எண்ணெய் விட்டபின் சிறு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெல்லத் தட்டினால், அவ்வதிர்வினாற் கறளில் வெடிப்பு உண்டாகி எண்ணெய் உள்ளே செல்லும்.

3. எப்பக்கம் திருப்புவது?

முறிவுகளிற் பல, கழற்றுவதாக எண்ணி இறுக்குவதனால் உண்டாகின்றன. பொதுவாக நட்டுகள் மணிக்கூட்டு முள் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினாற் கழலும். துவிச்சக்கரவண்டியில் இதற்கு விலக்கான இரண்டு இடங்கள் உள்ளன.

(அ) இடப்பக்கப் பெடல்: இதன் புரி இடப்புரியாகும். ஆதலால் மணிக்கூட்டு முள் சுழலும் திசையிலேயே திருப்ப வேண்டும். இரு பெடல்களுக்கும் பொருந்தும் எளிய விதி ஒன்று உண்டு. ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்குமாறு பெடல் அச்சிற் பூட்டி, அப்பிடியைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் எந்தப் பெடலும் கழலும்.

(ஆ) பெடல் கிராங்குகளைத் தாங்கும் நடு அச்சின் வலப்பக்கக் கிண்ணம்: ஆங்கில வண்டிகளில் இதுவும் இடப்புரியே. இக்கிண்ணத்தைக் கழற்றாமலே உள்ளே துடைத்துத் துப்புரவு செய்யலாம். தேய்வு இல்லையேல் அதனைத் தொடாது விடுதலே நன்று. நொட்டிங்காமில் 1887 ஆம் ஆண்டளவிற் தொழில் தொடங்கிய ராலி நிறுவனத்தின் பழைய வண்டிகளில் இக்கிண்ணத்துக்கு அங்குலத்துக்கு 26 புரி இருக்கும். ஏனைய ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலும் 24 புரியே. ஒன்றன் கிண்ணத்தை மற்றதிற் புகுத்தினாற் சட்டத்தின் புரி அழிந்துவிடும்.

நட்டின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானரையே பயன்படுத்துக. பழைய ஆங்கில நட்டுகளுக்கு மில்லிமீற்றர் அளவு ஸ்பானர் தளர்ந்து நின்று மூலைகளை உருட்டிவிடும். முதலிற் சற்றே இறுக்கும் பக்கமாகவும், பின்னர் கழற்றும் பக்கமாகவும் மாறிமாறி அசைத்தாற் கறளின் பிடி விடும். அசையத் தொடங்கியதும் அரைச் சுற்றுக் கழற்றி, எண்ணெய் விட்டு, மீண்டும் கால் சுற்று உள்ளே திருப்பி, இவ்வாறாகவே வெளியேற்றுக.

4. கடினமான மூன்று இடங்கள்

கிராங்கின் கொட்டர் ஆணி: ராலி முதலிய ஆங்கில வண்டிகளில் இவ்வாணி பெரும்பாலும் 9.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. நட்டைக் கழற்றி எடுத்துவிடாது, ஆணியின் நுனியோடு சமனாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துக. அவ்வாறு செய்தால் அடிபடும்பொழுது புரி நசியாது. ஆணியின் மறுமுனை நுழையக்கூடிய இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் நிறுத்தி, கிராங்கை அதன் மேல் உறுதியாகத் தாங்கச் செய்க. பின்னர் ஒரே நேரான பலத்த அடி கொடுக்க வேண்டும். பல சிறிய அடிகள் ஆணியைக் காளான் போல் விரியச் செய்யும். குழாய்த் தாங்கல் இன்றி அடித்தால், அவ்வடி முழுவதும் குண்டுகளிலும் கிண்ணத்திலும் விழுந்து குழி உண்டாக்கும். கழற்றிய பழைய ஆணியை மீண்டும் பூட்டாது புதியதைப் பூட்டுக.

ஹாண்டில் தண்டு: மேலேயுள்ள நீண்ட ஆணியை நான்கைந்து சுற்றுத் தளர்த்துக. அதன் தலையில் மரக்கட்டையை வைத்துத் தட்டினால், உள்ளே அடியிலுள்ள கூம்பு கீழே விழும். அதன்பின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு ஹாண்டிலை இடமும் வலமும் திருப்புக. கூம்பு விழாதிருக்கையில் ஹாண்டிலை முறுக்குதல் வீண் முயற்சியாகும்.

இருக்கைத் தண்டு: எண்ணெயை மேலிருந்து விட்டால் மட்டும் போதாது. நடு அச்சைக் கழற்றியபின் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அச்சுக்குழியினூடாக இருக்கைக் குழாய்க்குள் எண்ணெய் விட்டு, சில நாட்கள் வைத்திருக்க வேண்டும். தண்டை இழுக்க முயலாது திருப்புக. திருப்புகையிற் சட்டம் வளைவதாகத் தோன்றின் உடனே நிறுத்தி, மறுபடியும் எண்ணெய் விட்டுக் காத்திருத்தல் வேண்டும்.

5. சூடேற்றுதல்

இரும்பு சூடேறினால் விரியும். 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை 100 பாகை செல்சியஸ் மேலதிகச் சூட்டினால் ஏறத்தாழ 0.012 மில்லிமீற்றர் விரிகின்றது. இது சிறிதாயினும் கறளின் பிடியை உடைக்கப் போதியதாகலாம். கொதிநீரை வெளிப்பாகத்தின் மேல் ஊற்றி, உள்ளிருக்கும் தண்டு சூடேறுமுன் திருப்புவதே வீட்டிற் செய்யத்தக்க முறையாகும். மண்ணெண்ணெய் விட்ட பாகத்துக்குத் தீச்சுவாலையைக் காட்டலாகாது. உயிருக்கே ஆபத்து நேரலாம். மேலும், பழைய சட்டங்களின் மூட்டுகள் பித்தளையால் ஒட்டப்பட்டவையாதலின் பெருஞ்சூடு அவற்றைக் கெடுக்கும்.

எதற்கும் இளகாத நட்டை, ஆணிக்குச் சமாந்தரமாக இரும்பறுக்கும் வாளால் அறுத்துப் பிளந்து எடுக்கலாம். நட்டை இழப்பது சட்டத்தை இழப்பதிலும் மேலானது.

6. எதனை மீண்டும் பூட்டலாகாது?

கழற்றுவதில் வெற்றி கண்டவர், எல்லாப் பாகங்களையும் காப்பாற்ற விரும்புவது இயல்பு. இங்கேதான் விழிப்பு வேண்டும். சாக்குப் பாரத்துடன் இறக்கத்திற் செல்லும்பொழுது முன்பகுதி முறிந்தால் ஓட்டுபவரின் உயிர்க்கே தீங்கு நேரலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, ஹாண்டில் தண்டு, சக்கர அச்சுகள், பிரேக் கம்பிகள், கிராங்குகள் ஆகியவற்றைத் துடைத்துப் பகல் வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். மேற்பரப்பிலுள்ள கறள் தீங்கன்று. நகம் தடுக்கும் ஆழமான குழிகளோ, மயிரிழை போன்ற வெடிப்போ காணப்படின், அப்பாகம் எவ்வளவு பழைமையும் அருமையும் உடையதாயினும் அதனை நீக்கிவிடுக.

7. பூட்டுதலும் பேணுதலும்

மண்ணெண்ணெய் துப்புரவு செய்யுமேயன்றி உராய்வைத் தடுக்காது. ஆகவே, கழுவிய குண்டுகளையும் கிண்ணங்களையும் உலர்த்திக் கிறீசு பூசுக. ஒவ்வொரு புரியிலும், ஹாண்டில் தண்டிலும், இருக்கைத் தண்டிலும் மெல்லிய கிறீசுப் பூச்சு இருத்தல் வேண்டும். சமையலுக்குரிய தாவர எண்ணெய்கள் நாளடைவிற் பிசுபிசுத்து மண்ணைப் பற்றுமாதலின் ஏற்றவையல்ல. பிரேக் கட்டை படும் சக்கர வளையத்தில் எண்ணெய் இருப்பின் வண்டி நில்லாது, முற்றாகத் துடைத்துவிடுக. புதிய கொட்டர் ஆணிகளின் நட்டுகளைச் சிறிது தூரம் ஓடியபின் மறுபடியும் இறுக்க வேண்டும். முதற் சில நாட்கள் பாரமின்றியே ஓடிப் பார்க்க.

கழுவிய அழுக்கு எண்ணெயைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றலாகாது. சுண்ணக்கல் நிலத்தில் அது விரைவாக நிலத்தடி நீரைச் சென்றடையும். மூடிய தகரத்திற் சேர்த்து வைத்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

உரம் ஏற்றிய நாளின் மாலையிற் கரியரையும் பின் அச்சையும் நல்ல நீரினாற் கழுவித் துடைத்து, சங்கிலிக்குச் சில துளி எண்ணெய் விடுக. பெரும்போக மழை தொடங்குமுன் ஒருமுறை இருக்கைத் தண்டையும் ஹாண்டில் தண்டையும் தளர்த்திக் கிறீசு பூசி இறுக்கினால், அவை மறுபடியும் இறுகா. நீரிறைக்கும் இயந்திரத்தின் நட்டுகளுக்கும் உழவு இயந்திரத்தின் ஆணிகளுக்கும் இம்முறைகளிற் பல பொருந்தும்.

சுருக்கம்: மூன்று நாள் எண்ணெய், பொருந்தும் ஸ்பானர், சரியான திசை, தாங்கலுடன் அடி, ஐயமுள்ள பாகத்தை நீக்குதல். இவ்வைந்தையும் கைக்கொள்பவரின் பழைய வண்டி மீண்டும் சந்தைக்குச் செல்லும். அவரும் பத்திரமாக வீடு திரும்புவார்.