எண்ணியது எய்தலும் இயல்பு வகுத்தலும்: ஓர் உளவியல் நோக்கு

முன்னுரை

மனிதனுக்குத் தீராத ஆசைகள் இரண்டு. தான் எப்படிப்பட்டவன் என்பதைப் பிறர் வாயால் கேட்க விரும்புவது ஒன்று. தான் விரும்பியது கைக்கு வந்து சேர வேண்டும் என்று ஏங்குவது மற்றொன்று. முதல் ஆசைக்கு விடையாகப் பிறந்தவை, மனிதரை இன்ன இன்ன வகையினர் என்று பிரித்துக் காட்டும் மறைஞான முறைகள். இரண்டாம் ஆசைக்கு விடையாகப் பிறந்தது, இன்று இளைஞர்கள் 'மேனிபெஸ்டேஷன்' என்று வழங்கும் எண்ணப் பயிற்சி. விரும்பிய வேலையை ஏற்கெனவே பெற்றுவிட்டதாகப் பாவித்தல், அதனையே நாள்தோறும் பலமுறை எழுதுதல், விரும்பும் பொருள்களின் படங்களை ஒரு பலகையில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகியவை இப்பயிற்சியின் வழிகள்.

இவ்விரண்டும் இன்று கைகோத்து நடக்கின்றன. "உன் வகையை முதலில் அறிந்துகொள், அவ்வகைக்கு ஏற்ற முறையில் எண்ணு, எண்ணியது நடக்கும்" என்பதே இன்றைய போதனை. இவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது? அவ்வுறவு படிக்கும் மாணவர்க்கு நன்மை தருவதா, கேடு செய்வதா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

எண்ணப் பயிற்சியின் தாயகம் அமெரிக்கா. மெயின் மாநிலத்தில் கடிகாரத் தொழில் செய்து வந்த பினியாஸ் குவிம்பி (1802-1866) என்பவர், நோய்க்குக் காரணம் தவறான நம்பிக்கையே என்று கருதி, எண்ணத்தை மாற்றிப் பிணி தீர்க்க முயன்றார். அவர் வழியில் 'புதிய சிந்தனை' என்னும் இயக்கம் எழுந்தது. நோயைத் தீர்க்கும் எண்ணம் வறுமையையும் தீர்க்காதோ என்ற கேள்வி அடுத்துப் பிறந்தது. 1906இல் வில்லியம் வாக்கர் அட்கின்சன் 'ஈர்ப்பு விதி'யைப் பற்றி நூல் எழுதினார். 1910இல் வாலஸ் வாட்டில்ஸ் செல்வம் சேர்க்கும் கலையையே ஒரு விஞ்ஞானம் என்றார். அந்நூலைப் படித்துத் தூண்டப்பெற்ற ரோண்டா பைர்ன் 2006இல் 'தி சீக்ரெட்' என்ற படத்தையும் நூலையும் வெளியிட, பழைய சரக்கு உலகெங்கும் புதிதாக விலைபோயிற்று.

வகை பிரிக்கும் முறைகளின் வரலாறு நம் சென்னையைத் தொட்டுச் செல்வது. 1875இல் நியூயார்க்கில் தோன்றிய பிரம்மஞான சபை, 1882இல் அடையாற்றில் தன் தலைமையிடத்தை அமைத்துக்கொண்டது. பின்னர் அதன் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையார், எண்ணத்தின் ஆற்றலையும் அதனை அடக்கி ஆளும் முறையையும் பற்றித் தனி நூலே எழுதியவர். அச்சபையில் 1890இல் சேர்ந்த ஆங்கிலேயர் ஆலன் லியோ, சோதிடத்தின் போக்கையே மாற்றினார். நடக்கப்போகும் நிகழ்ச்சிகளைச் சொல்வதை விடுத்து, ஒருவரின் குணத்தைச் சொல்வதே சோதிடத்தின் பணி என்றார். குறி சொல்லி ஏமாற்றுவதாக 1917இல் லண்டனில் அவர்மீது வழக்கு வந்தபோது, தாம் கூறுவது மனப்போக்குகளையே என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை, அபராதம் விதித்தது. எனினும் அவர் வகுத்த பாதை நிலைத்தது. மேலை நாட்டுச் சோதிடம் பெரிதும் குணம் உரைக்கும் கலையாயிற்று.

ஆகவே எண்ணத்திற்கு ஆற்றல் உண்டு என்ற கொள்கையும், பிறப்பிலேயே இயல்பு குறிக்கப்பட்டுள்ளது என்ற கொள்கையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தன எனலாம்.

ஒரு சான்று

இவ்விரு கொள்கைகளும் கலந்ததற்குத் தக்க சான்று 'ஹியூமன் டிசைன்', அதாவது மனித வடிவமைப்பு என்னும் முறை. கனடா நாட்டினரான ஆலன் கிராக்கோவர், 1987இல் ஸ்பெயின் நாட்டு இபிசா தீவில் ஒரு குரல் தமக்கு எட்டு நாள் உபதேசித்தது என்று கூறி, 'ரா உரு ஹு' என்று பெயர் பூண்டு இம்முறையைப் பரப்பினார். 2011இல் அவர் மறைந்தார். மேலைச் சோதிடம், சீனரின் 'ஈ சிங்' நூலில் காணும் 64 குறிகள், யூதரின் கபாலா, நம் நாட்டுச் சக்கரக் கொள்கை ஆகிய நான்கையும் சேர்த்துக் கட்டிய மாலை இது. பிறந்த நேரத்தையும், அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முந்திய ஒரு நேரத்தையும் கொண்டு கட்டம் கணிக்கிறார்கள்.

இம்முறையில் மனிதர் ஐந்து வகையினர். 'மேனிபெஸ்டர்' எனப்படுவோர் தாமே செயலைத் தொடங்க வல்லவர். இவர்கள் பத்தில் ஒரு பங்கினும் குறைவு என்கிறார்கள். 'ஜெனரேட்டர்' வகையினரும் அவர்தம் கிளையினரான 'மேனிபெஸ்டிங் ஜெனரேட்டர்' வகையினரும் சேர்ந்து ஏறத்தாழ 70 விழுக்காடாம். இவர்கள் தாமாகத் தொடங்காமல், எதிர்ப்படுவதற்கு மறுமொழி தர வேண்டும். 'புரொஜெக்டர்' அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். மிக அரியவரான 'ரிப்ளெக்டர்', பெரிய முடிவு எதற்கும் சந்திரன் ஒரு சுற்று முடியும்வரை, அதாவது ஏறத்தாழ 28 நாள், பொறுத்திருக்க வேண்டும்.

முரணும் உறவும்

இங்கே ஒரு முரண்பாடு தெளிவாகத் தெரிகிறது. 'எண்ணினால் எவரும் எதையும் அடையலாம்' என்பது எண்ணப் பயிற்சி. அதன்படி மனித இயல்பு குயவன் கைக் களிமண் போன்றது. 'நீ இன்ன வகை. அதனை மாற்ற இயலாது' என்பது வகைமுறை. அதன்படி மனித இயல்பு சூளையிலிருந்து வெளிவந்த பானை போன்றது. களிமண்ணும் பானையும் ஒருசேர ஒன்றாக இருத்தல் எங்ஙனம்?

ஒன்றன் குறையை மற்றொன்று மறைப்பதாலேயே இவை கூடி வாழ்கின்றன. எண்ணப் பயிற்சி செய்தவருக்கு எண்ணியது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியே பொய் என்று அவர் கருத இடமுண்டு. அப்போது வகைமுறை வந்து, "பயிற்சி பொய்யன்று, உன் வகைக்குப் பொருந்தாத முறையில் செய்தாய்" என்கிறது. "மாற முடியாதெனில் என் வகையை அறிந்து என்ன பயன்?" என்று மற்றொருவர் வினவுவார். அப்போது எண்ணப் பயிற்சி வந்து, "உன் வகையோடு இசைந்து எண்ணினால் அனைத்தும் வரும்" என்கிறது. வெற்றி வந்தால் முறையின் பெருமை. தோல்வி வந்தால் செய்தவனின் குற்றம். எந்நிலையிலும் பொய்யாகாத கொள்கையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. சோதிக்க வழியில்லாததை விஞ்ஞானம் என்றல் பொருந்தாது.

ஆய்வுகள் உணர்த்துவன

"ஆனால் என்னைப் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்துகிறதே!" என்று வியப்பவர் பலர். 1948இல் அமெரிக்க உளவியல் ஆசிரியர் பெர்ட்ராம் போரர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை நடத்தி, அவரவர்க்குரிய முடிவு என்று ஒரு குறிப்பை வழங்கினார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் அனைவருக்கும் அவர் தந்தது ஒரே குறிப்பு! அதன் வாசகங்கள் கடையில் விற்கும் சோதிட நூலொன்றிலிருந்து எடுத்தவை. எவர்க்கும் பொருந்துவதைத் தமக்கே உரியதாகக் கொள்வது மனித இயல்பு.

இதனினும் கருதத்தக்கது ஐசங்க் முதலியோர் கண்டது. மேஷம், மிதுனம், சிம்மம் போன்ற ஒற்றைப்படை இராசியினர் கலகலப்பானவர் என்பது மேலைச் சோதிடம். அங்கே இராசி என்பது பிறந்த மாதத்துச் சூரியனைக் கொண்டது. 1978இல் வெளிவந்த ஆய்வு அதனை ஆதரிப்பது போலவே தோன்றியது. ஆனால் தொடர்ந்து ஆய்ந்தபோது, தம் இராசியின் குணத்தை முன்பே அறிந்தவரிடமே அப்பொருத்தம் காணப்பட்டது. சோதிடம் அறியாதவரிடம் காணப்படவில்லை. நட்சத்திரம் அவர்களை ஆக்கவில்லை. கேட்ட சொல் ஆக்கிற்று. தமக்குச் சூட்டப்பட்ட வகையே எண்ணமாகி, அவ்வெண்ணத்தின்படியே அவர்கள் தம்மைக் கண்டனர். வகை சூட்டுவதே ஓர் எண்ணப் பயிற்சிதான் என்பது இதனால் விளங்கும்.

இனி, எண்ணத்திற்குப் பயனே இல்லையா? உண்டு. 1999இல் கலிபோர்னியாவில் பாம், டெய்லர் என்னும் இருவர் தேர்வுக்குச் சில நாள் முன்பு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஆய்ந்தனர். நல்ல மதிப்பெண் பெற்று மகிழ்வதாகக் கற்பனை செய்த குழுவினர் குறைவாகப் படித்தனர். குறைவாகவே மதிப்பெண் பெற்றனர். எங்கே அமர்ந்து, எப்போது, எவ்வாறு படிப்பது என்பதைக் கற்பனை செய்த குழுவினர் முன்னதாகவே படிக்கத் தொடங்கி மிகுதியாகப் பெற்றனர். உடல் எடை குறைக்க முயன்ற பெண்களிடம் கேப்ரியேல் எட்டிங்கன் கண்டதும் ஒத்ததே. முடியும் என்ற நம்பிக்கை உதவியது; முடிந்துவிட்டதாகக் காணும் இனிய கனவு தடுத்தது. கனவிலேயே வெற்றியைச் சுவைத்துவிட்ட மனம் உழைக்க எழுவதில்லை.

முடிவுரை

நம் கல்லூரியில் பயில்வோர் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். அவர்களை எந்த அழைப்பும் வீடு தேடி வருவதில்லை. விண்ணப்பம் எழுதி, கதவைத் தட்டி, மறுக்கப்பட்டு, மீண்டும் தட்டியே அவர்கள் முன்னேற வேண்டும். அத்தகைய மாணவி ஒருத்தியிடம், "நீ காத்திருக்க வேண்டிய வகை" என்று சொல்வது அறியாமை மட்டுமன்று; அவள் காலைக் கட்டும் கயிறுமாகும். முயன்று தோற்றவளிடம், "நீ சரியாக எண்ணவில்லை" என்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

எண்ணியவர் எண்ணியபடி எய்துவர் என்ற கருத்துக்கு வள்ளுவரைத் துணைக்கு அழைப்போர் உண்டு. அவர் அக்குறளை வைத்த அதிகாரத்தின் பெயர் 'வினைத்திட்பம்' என்பதை அவர்கள் மறக்கலாகாது. உறுதி வினைக்கு உரியது. வெறும் நினைவுக்கு உரியதன்று.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்களுக்குப் பிறர் சூட்டும் வகைப்பெயர் எதுவாயினும், அதனை ஏற்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இப்பெயர் என்னை எழுந்து செயல்படச் செய்கிறதா, உட்கார்ந்து காத்திருக்கச் செய்கிறதா? எண்ணும்போதும் பரிசை மட்டும் எண்ணாமல், நாளைக் காலை எந்தப் பாடத்தின் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதையும் எண்ணுங்கள். எண்ணம் பலிப்பதற்கு உளவியல் கண்ட வழி அதுவே.