உருகிய உப்பும் எவர்சில்வரும்

ஸ்ரீவராகத்தில் நான் தங்கியிருக்கும் அறையின் சன்னல் கம்பிகளை இருமுறை சுரண்டி வர்ணம் பூசியாயிற்று, மறுபடியும் துரு. கடல் அதிகத் தொலைவில் இல்லை. உப்புக் காற்று தன் வேலையைச் செய்கிறது. அதே சன்னலோரத்தில், அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு மட்டும் பளபளவென்றிருக்கிறது.

காரணம் நண்பர்கள் அறிந்ததே. எவர்சில்வரில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் குரோமியம் உண்டு. அது ஆக்சிஜனோடு கூடி, கண்ணுக்குப் புலனாகாத ஆக்சைடுத் தோலொன்றை மேலே போர்த்துகிறது. கீறினாலும் தோல் தானே வளர்ந்துவிடும்.

அந்தத் தூக்கில் 650 பாகை சென்டிகிரேடில் உருகிய புளோரைடு உப்பை ஊற்றிவைத்தால்? தோல் உப்பில் கரைந்துபோம், மீண்டும் வளராது. அப்பால் நடப்பதுதான் விந்தை. புளோரினோடு கூடும் நாட்டம் நிக்கலுக்குக் குறைவு. இரும்புக்கு அதனினும் மிகுதி. குரோமியத்துக்கோ இரண்டையும்விட மிகுதி. ஆகவே உப்பு குரோமியத்தையே பொறுக்கி எடுக்கிறது. உள்ளிருக்கும் குரோமியமும் மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து கரைய, பின்னே நுண்துளைகள் எஞ்சுகின்றன. துருப்பிடித்த கம்பியாவது தன் நோயை வெளியே காட்டும். இது உள்ளேயே பொள்ளலாகும். கடற்காற்றில் நம்மைக் காத்த பொருளே இங்கே முதற்பலி!

உருகிய உப்பை யார் ஊற்றிவைக்கப் போகிறார்கள் என்பீர்கள். நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு இருப்பது 1909இல் கண்டறியப்பட்டது. அதனுள் இருப்பது தோரியம். அதனை உருகிய உப்பில் கரைத்து எரிக்கும் அணு உலைக்கான வடிவமைப்புகளைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்திருக்கின்றனர். தோரியம் நம்மிடம் உண்டென்று மேடையில் மார்தட்டுவது எளிது. அதை ஏந்தும் கலம் வேண்டாமா?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார் 1965 முதல் 1969 வரை இத்தகைய உலையொன்றை இயக்கினர். அதன் கலத்துக்கென அவர்கள் ஆக்கிய கலவையில் நிக்கலே பெரும்பகுதி. மாலிப்டினம் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு. குரோமியம் 7 பங்குதான். அந்த ஏழையும் ஏன் விட்டுவைத்தனர்? கலத்தின் வெளிப்புறம் சூடான காற்றைத் தாங்கவேண்டுமே. அங்கே தோல் தேவை. உள்ளுக்கு ஆகாதது வெளிக்கு வேண்டும்!

பின்னர்ச் சோதித்தபோது உப்பின் அரிமானம் சொற்பமாகவே இருந்தது. ஆனால், யுரேனியம் பிளவுறுகையில் பிறந்த டெல்லூரியம் உலோக மணிகளின் எல்லைகளில் புகுந்து, மேற்பரப்பில் வெடிப்புகளுக்கு வழிசெய்திருந்தது. இதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. நியோபியம் சிறிது சேர்த்த கலவை இத்தொல்லையைக் குறைத்தது. உப்பை அடக்க அவர்கள் கையாண்ட வழி இன்னும் எளிது: பெரிலியத் தண்டை அவ்வப்போது உப்பில் முக்கியெடுத்தனர். பெரிலியம் குரோமியத்தை முந்திக்கொண்டு புளோரினோடு கூடும். உப்பின் பசி அதிலேயே தணிந்துவிடும்.