பூம் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமா?

கேள்வி: ஐயா, நானும் இரண்டு நண்பர்களும் பணம் போட்டு ஒரு முழுநீளப் படம் எடுக்கப் போகிறோம். கதை மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடக்கிறது. இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் ஊர்க்காரர்கள், இதற்குமுன் நடித்ததில்லை. லைவ் சவுண்டில் எடுக்க ஆசை. சென்னையில் ஒரு சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டிடம் பேசினோம். தான், பூம் (கம்பு நுனியில் மாட்டிய மைக்) பிடிக்க ஒருவர், உதவிக்கு ஒருவர் என மூன்று பேருக்குச் சம்பளம் கேட்கிறார். கருவி வாடகை தனி. அவ்வளவு கையில் இல்லை. "ரெக்கார்டரை வாடகைக்கு எடுத்து எல்லோருக்கும் காலர் மைக் மாட்டிவிட்டால் ஒரே ஆள் போதும். இப்போது வரும் 32 பிட் ரெக்கார்டரில் லெவல்கூடப் பார்க்க வேண்டாம்" என்கிறார் எங்கள் கேமராமேன். ஆடி மாதத்தில் 22 நாள் படப்பிடிப்பு. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ஆள் குறைத்தே தீரவேண்டும் என்றால் மூன்றை இரண்டாக்குங்கள், ஒன்றாக்காதீர்கள். ரெக்கார்டிஸ்ட் ஒருவர், பூம் பிடிப்பவர் ஒருவர். இந்த இருவரும் இல்லாமல் லைவ் சவுண்டில் இறங்குவதைவிட, வழிகாட்டிக்கு ஒரு பைலட் ட்ராக் மட்டும் எடுத்துக்கொண்டு டப்பிங்குக்குப் போய்விடலாம். பாதி லைவ், பாதி டப்பிங் என்று முடியும் படத்தில்தான் செலவு இரண்டு மடங்காகும், குரலும் காட்சிக்குக் காட்சி மாறும்.

ஆனால் உங்கள் படத்துக்கு டப்பிங் ஒத்துவராது. டப்பிங் என்பது தனித் திறமை. நாலு மாதம் கழித்து, இருட்டு அறையில், காதில் ஹெட்போனோடு நின்று, தன் உதட்டையே திரையில் பார்த்தபடி அதே கோபத்தையும் அதே மூச்சிரைப்பையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். பழகிய நடிகர்களுக்கே அது சிரமம். வயலில் நின்று இயல்பாகப் பேசிய பெரியவர் அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் பேசுவார். வேறொருவரைப் பேச வைத்தால் அந்த ஊர்ப் பேச்சு போய்விடும். ஊர்க்காரர்களை நடிக்க வைக்கிறீர்கள் என்றால், பாதிக் காரணம் அவர்கள் குரல்தானே?

தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதே லைவ் சவுண்டில்தான். பாட்டைக்கூட நடிகர்களே கேமரா முன் நின்று பாடினார்கள். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் வந்தது. பிற்காலத்தில் ஏரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற, ஓடும்போது கடகடக்கும் கேமராக்களை வெளிப்புறத்துக்கு எடுத்துச் சென்றபோது வசனத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது பழக்கமாகிவிட்டது. பிறகு லைவ் சவுண்டில் எடுத்த இந்திப் படம் 'லகான்' 2001-இல் வந்து, ஒலிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழில் 2004-இல் 'விருமாண்டி' லைவ் சவுண்டில் வந்தது. இன்றைய டிஜிட்டல் கேமராவில் அந்தக் கடகடப்பு இல்லை. பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. "சத்தம் இருந்தால் என்ன, டப்பிங்கில் பார்த்துக்கலாம்" என்று செட்டில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதை எதிர்த்து நிற்கத்தான் ஒரு ரெக்கார்டிஸ்ட் வேண்டும்.

உங்கள் கேமராமேன் சொல்லும் 32 பிட் விஷயத்துக்கு வருகிறேன். அது நல்ல வசதி. திடீரென்று ஒருவர் கத்தினால் ரெக்கார்டரில் குரல் உடையாது, பிறகு இறக்கிக்கொள்ளலாம். அது செய்வது அவ்வளவுதான். மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியையோ, வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரில் உடைந்ததையோ சரிசெய்யாது. தூரத்தில் இருந்த மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவராது. குரலோடு சேர்ந்து பதிவான பம்புசெட்டைப் பிரித்துக் கொடுக்காது.

எல்லோருக்கும் காலர் மைக் என்பதையும் யோசித்துப் பாருங்கள். முந்தானை உரசும், தாலிக்கொடி தட்டும். சட்டையில்லாமல் இடுப்பில் வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு எங்கே மாட்டுவீர்கள்? நன்றாக மாட்டினாலும் காலர் மைக்கில் குரல் நெஞ்சருகிலிருந்து வருவதுபோல் அடைத்துக் கேட்கும். அந்தத் திண்ணையும் முற்றமும் ஒலியில் இருக்காது. பூம் மைக்கில் ஆளும் இடமும் சேர்ந்தே வரும். காலர் மைக்கைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வயர்லெஸ் செட் போதும். ஆறு, ஏழு என்று வாடகைக்கு எடுக்கும் பணத்தில் பூம் பிடிப்பவரின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தேற்றிவிடலாம்.

பூம் பிடிப்பவர் கை வலிக்கக் கம்பைத் தூக்கி நிற்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நல்லவராக இருந்தால் வசனம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். யார் எந்த வார்த்தையில் திரும்புவார், யார் இடையில் குறுக்கிடுவார் என்று ஒத்திகையிலேயே பார்த்து வைத்திருப்பார். ஃப்ரேமின் மேல் விளிம்பைக் கேமராமேனிடம் கேட்டுக்கொண்டு, அதற்குச் சற்று மேலே மைக்கை நிறுத்துவார். சென்ஹைசர் 416 மாதிரியான ஷாட்கன் மைக் வாயைப் பார்த்தே இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் குரல் மங்கும். உங்கள் நடிகர்களோ ஒத்திகையில் நின்ற இடத்தில் டேக்கில் நிற்கமாட்டார்கள். எழுதாத வசனத்தையும் பேசுவார்கள். அதைத் துரத்திப் பிடிப்பது பூம் பிடிப்பவரின் கை. புதுமுகங்களை வைத்து எடுக்கும் படத்தில் அவர் இன்னும் அவசியம். அந்த ஆளை ரெக்கார்டிஸ்ட்டே தேர்ந்தெடுக்கட்டும். ரெக்கார்டிஸ்ட் பூனா திரைப்படக் கல்லூரியிலோ தரமணி திரைப்படக் கல்லூரியிலோ படித்து வந்த இளைஞராக இருக்கலாம். பூம் பிடிப்பவர் கைப்பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும்.

மூன்றாமவர் இல்லாவிட்டாலும் அவர் செய்யும் வேலைகள் இருக்கும்: பேட்டரி மாற்றுவது, மைக் மாட்டுவது, நடக்கும் இடத்தில் ஜமுக்காளம் விரிப்பது, சவுண்ட் ரிப்போர்ட் எழுதுவது, தெருமுனையில் நின்று டிராக்டரை நிறுத்துவது. உங்கள் உதவி இயக்குநர்களில் ஒருவரை முதல் நாளிலிருந்து முழுக்க சவுண்டுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பெண்களுக்கு மைக் மாட்ட யூனிட்டில் ஒரு பெண் பழகிக்கொள்ளட்டும்.

யாரை அமர்த்துவது என்று பார்க்கும்போது ஷோரீலைக் கேட்டு மயங்காதீர்கள். அதில் கேட்பது மிக்சிங் செய்தவரின் வேலையும் சேர்ந்தது. வெளியான படம் ஒன்றிலிருந்து, மிக்ஸ் செய்யாத ஒரு காட்சியின் மூல ஒலியையும் அன்றைய சவுண்ட் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். அந்தப் படத்தின் எடிட்டருக்கு ஒரு போன் போடுங்கள். ஃபைல்கள் ஒழுங்காக வந்தனவா, டேக் நம்பர் பொருந்தியதா என்று அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எழுத்தில் சம்பளம், கருவி வாடகை, பேட்டா, பயணம், தங்குமிடம், கூடுதல் நேரத்துக்கு என்ன என்பதெல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். பெப்சி (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) சங்க உறுப்பினர்கள் என்றால் கால்ஷீட் நேரமும் பேட்டாவும் சங்க விதிப்படி, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மைக்கும் தனி ட்ராக்காக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அல்லது 32 பிட்டில் வரவேண்டும். அன்றிரவே இரண்டு டிரைவில் காப்பி ஆகவேண்டும். ஃப்ரேம் ரேட் 24-ஆ 25-ஆ என்பதை எடிட்டர், கேமராமேன், ரெக்கார்டிஸ்ட் மூவரும் சேர்ந்து முடிவுசெய்து, ஒரு நாள் சோதனை ஓட்டம் எடுத்து எடிட் வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், ரெக்கார்டிஸ்ட்டை எப்போது அமர்த்துகிறீர்கள் என்பது. லொகேஷன் முடிவாவதற்கு முன் அமர்த்துங்கள். வீட்டைப் பார்க்க அவரையும் கூட்டிப்போங்கள். கூரை தகரமா ஓடா, ஜெனரேட்டர் வேனை எந்தச் சுவருக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம், அதற்கு எவ்வளவு கேபிள் கூடுதலாக வேண்டும், மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வந்து பம்புசெட்டுகள் ஓடும் என்று அவர் விசாரிப்பார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் டேக்குக்கு முன் அணைத்துவிட்டு, கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்துவிட்டு யாரும் வண்டியேற முடியாது. ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அரை நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவுசெய்ய நேரம் கொடுங்கள். எடிட்டில் வெட்டு தெரியாமல் ஒட்ட அது வேண்டும்.

அவர் வந்து பார்த்தால் முதலில் கேட்கப்போவது, "ஏன் ஆடி?" என்றுதான். ஆடியில் தெருவுக்கொரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். விடியலில் போடும் ஒலிபெருக்கி ராத்திரிதான் நிற்கும். அந்தப் பாட்டு வசனத்துக்குக் கீழே பதிவானால் எடுக்கவும் முடியாது, உரிமை இல்லாமல் படத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது. கோயில்காரர்களை நிறுத்தச் சொல்வதும் முறையல்ல. அதே சமயம் வயலில் சேறடிக்கும் டிராக்டர்களும் ஓடும். கதைக்குத் தண்ணீர் நிற்கும் வயல் கட்டாயமில்லை என்றால் மாசிக்குத் தள்ளிவையுங்கள். அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் நிற்கும் காலம்; டிராக்டருக்கு அவ்வளவாக வேலை இருக்காது. தள்ளிவைப்பதால் பணம் புரட்டவும் அவகாசம் கிடைக்கும். அதில் முதல் செலவாக ரெக்கார்டிஸ்ட்டுக்கும் பூம் பிடிப்பவருக்கும் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.